அச்சை எண்ணுமுன் நாணயத்தை எண்ணுங்கள்: கிரேக்க வெள்ளி நாணய ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நகரங்கள் வெள்ளி நாணயங்களைக் கையால் அடித்தன. பட்டடையில் பதித்த முன்பக்க அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, அதன்மேல் பின்பக்க அச்சைப் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அச்சுகளும் கையால் செதுக்கப்பட்டவை என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இன்று எஞ்சியிருக்கும் நாணயங்களில் எத்தனை அச்சுகள் தெரிகின்றன என்று எண்ணி, கண்ணுக்கு எட்டாமல் போன அச்சுகளையும் கணித்தால், ஒரு நகரம் எவ்வளவு வெள்ளியை நாணயமாக்கியது என்பதை ஓரளவு நெருங்கலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களின் வரைவுகளை அடிக்கடி படிக்கிறேன். இத்துறையில் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எடையைத் தவறாகத் தட்டச்சு செய்வது, மங்கலான படத்தை நம்புவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தாமாகவே சரியாகிவிடும்.

ஒரே நாணயத்தை இரண்டு முறை எண்ணுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரமூட்டுவது இதுதான். விற்பனைக்கு வரும் நல்ல நாணயம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு சேகரிப்பாளர் இறந்ததும் ஏலத்துக்கு வரும். வாங்கியவர் சில ஆண்டுகள் வைத்திருந்து மறுபடி விற்பார். கடைசியில் ஏதாவது அருங்காட்சியகத்தில் போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் புதுப் படம், புது எண், சில நேரம் புது எடையும்கூட. நீங்கள் பட்டியல்களை வரிசையாகப் புரட்டிக்கொண்டே போனால் அந்த ஒரு நாணயம் உங்கள் கோப்பில் மூன்று நாணயமாக உட்கார்ந்திருக்கும். வாக்காளர் பட்டியலில் ஒரே ஆள் மூன்று தெருக்களில் இருப்பது போலத்தான்.

இதனால் என்ன கெடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. உங்களிடம் 120 நாணயங்கள், அவற்றில் 60 முன்பக்க அச்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிதவியலாளர் வாரன் எஸ்டி 2011-ல் விளக்கிய எளிய சூத்திரப்படி, நாணய எண்ணிக்கையை அச்சு எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 120 பெருக்கல் 60, வகுத்தல் 60. விடை 120 அச்சுகள். அந்த 120 நாணயங்களில் 30 மறுபதிவுகள் என்று பிறகு தெரிகிறது. உண்மையில் இருப்பவை 90 நாணயங்கள். அச்சுகள் அதே 60. இப்போது 90 பெருக்கல் 60, வகுத்தல் 30. விடை 180.

ஓர் அச்சுக்கு 20,000 நாணயங்கள் என்ற வழக்கமான கணக்கை வைத்தால் வித்தியாசம் 12 லட்சம் நாணயங்கள். அவை நான்கு டிராக்மா (கிரேக்கப் பண அலகு) நாணயங்களானால், ஒரு டாலண்டுக்கு 6,000 டிராக்மா வீதம் 800 டாலண்ட் வெள்ளி. பெலொப்பொனேசியப் போர் தொடங்கும் வேளையில் கூட்டாளி நகரங்கள் ஏதென்ஸுக்குச் செலுத்திவந்த ஆண்டுக் கப்பமே சுமார் 600 டாலண்ட் என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய தொகை உங்கள் கோப்பில் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

இன்னொரு கேடும் உண்டு. ஒரே ஒரு நாணயத்தால் மட்டும் தெரியவரும் அச்சுகள் எத்தனை என்பதை வைத்துத்தான் நம் மாதிரி எவ்வளவு முழுமையானது என்று அளக்கிறோம். மேலே சொன்ன 90 நாணயங்களில் அப்படிப்பட்ட ஒற்றை அச்சுகள் 40 இருந்தால், 40-ஐ 90-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்க, மொத்த உற்பத்தியில் சுமார் 56 சதவீதம் வந்த அச்சுகளை நாம் பார்த்துவிட்டோம் என்று பொருள். மறுபதிவுகளால் அவற்றில் 15 அச்சுகள் இரட்டையாகத் தோன்றினால், ஒற்றை 25, மொத்தம் 120. முழுமை 79 சதவீதம் என்று காட்டும். தவறு நடந்திருக்கிறது, அதோடு அந்தத் தவறே உங்களுக்குத் தைரியமும் சொல்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மாணவர் ஒருவர் அகாந்தோஸ் நகரத்து நான்கு டிராக்மா நாணயங்களைத் தொகுத்து அனுப்பியிருந்தார். காளையின் மேல் பாய்ந்து கடிக்கும் சிங்கம் பொறித்தவை. முதல் பக்கத்திலேயே இரண்டு படங்களை அருகருகே வைத்து, இருபக்க அச்சும் ஒன்றே என்று குறித்திருந்தார். ஒன்று பழைய பட்டியலின் கறுப்பு வெள்ளைப் படம், எடை 17.08 கிராம். இன்னொன்று அண்மைய ஏலத்தின் வண்ணப் படம், 17.02 கிராம். இரண்டிலும் சிங்கத்தின் வால் நுனி ஒரே இடத்தில் வில்லையின் விளிம்பில் அறுபட்டிருந்தது. இரண்டிலும் ஒரு வெடிப்பு விளிம்பிலிருந்து கிளம்பிக் காளையின் பின்னங்கால்வரை ஓடியது. அச்சு ஒன்றாக இருந்தால் சிங்கம் ஒன்றாக இருக்கும். வெள்ளி வில்லையின் வெடிப்பு எப்படி ஒன்றாக இருக்கும்? இடையில் யாரோ நாணயத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அச்சைப் பார்க்குமுன் வில்லையைப் பாருங்கள். விளிம்பின் வடிவம், வெடிப்பு, உருவம் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, வெள்ளியைச் சோதிக்க வெட்டிய உளித்தடம், இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும் கோணம். இவை அந்தந்த நாணயத்துக்கே உரியவை. எடையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பட்டியல்களில் பெரும்பாலும் படம் பிடிக்கப்பட்டது நாணயம் அல்ல, அதன் பிளாஸ்டர் வார்ப்பு. வெள்ளைப் பிளாஸ்டரில் விழும் ஒளி வேறு, உலோகத்தில் விழும் ஒளி வேறு. அதனால் ஒரே நாணயம் இரண்டு முகங்களாகத் தெரியும். சுவிஸ் நாணயவியலாளர் இம்ஹோஃப்-ப்ளூமர் தம் கிரேக்க நாணயச் சேகரிப்பை 1900-ல் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விற்றார். அவர் திரட்டிய வார்ப்புகள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருக்கின்றன. இரண்டு இடங்களிலிருந்தும் படம் வாங்கிச் சேர்ப்பவர் ஒரே நாணயத்தையே இரு முறை வாங்கியிருக்கலாம்.

கணினி நிரலை வைத்து அச்சுகளைப் பொருத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே நாணயத்தின் இரு படங்கள் மற்ற எந்த இணையையும்விட நன்றாகப் பொருந்தும். நிரல் அவற்றைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

தேய்ந்த அச்சைப் புதிய அச்சு என்பது

அச்சில் விரிசல் விழும், துரு அரிக்கும், செதுக்குபவர் மீண்டும் கீறித் திருத்துவார். மூக்கு தடித்துவிட்டது என்பதற்காகப் புது அச்சு என்று எழுதிவிடாதீர்கள். எழுத்துகளுக்கு இடையேயான தூரத்தை அளந்து பாருங்கள். அது தேய்மானத்தால் மாறாது.

பின்பக்க அச்சை வைத்து மொத்தத்தைக் கணிப்பது

வேண்டாம். சம்மட்டி நேராக விழுவது அதன்மேல்தான், சீக்கிரம் உடையும்.

ஒரு புதையலைப் பொது மாதிரியாக எடுப்பது

நாணயச்சாலையிலிருந்து நேராக ஒரு பையில் வந்த நாணயங்கள் பிரியாமல் மண்ணுக்குள் போயிருந்தால், ஒரே அச்சில் அடித்தவை கொத்தாகக் கிடைக்கும். அந்தக் கொத்து மற்ற அச்சுகளை அமுக்கிவிடும், கணிப்பு தாழும். எகிப்தின் தமன்ஹூரில் 1905-ல் கிடைத்த அலெக்சாந்தர் நாணயப் புதையல் பல ஆயிரம் நாணயங்கள் கொண்டது. அவ்வளவு பெரிய புதையல் உங்கள் தரவில் இருந்தால், அதைச் சேர்த்து ஒரு முறை, விலக்கி ஒரு முறை கணக்கிட்டு இரண்டு விடைகளையும் காட்டுங்கள்.

போலிகள்

1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்த ‘கருங்கடல் புதையல்’ நாணயங்கள், அப்பல்லோனியா, மெசெம்ப்ரியா நகரங்களின் பெயரில் நம் காலத்தில் அடிக்கப்பட்டவை. சில அச்சுகளில் திடீரென நாணயங்கள் குவிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

20,000 என்பதை வாய்ப்பாடாக்குவது

ஓர் அச்சு எத்தனை நாணயம் அடித்தது என்பதற்கு நம்மிடம் உள்ள ஆதாரம் மிகக் குறைவு. டேவிட் செல்வுட் 1963-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு முன்பக்க அச்சு 10,000 முதல் 16,000 வரை தாங்கும் என்று கண்டார். டெல்ஃபியில் கிமு 330-களில் அடித்த ஆம்ஃபிக்டியோனிக் நாணயங்களுக்கு (டெல்ஃபி கோயிலை நிர்வகித்த கூட்டமைப்பின் நாணயங்கள்) எவ்வளவு வெள்ளி ஒதுக்கப்பட்டது என்பது கல்வெட்டுக் கணக்கில் இருக்கிறது. அதை எஞ்சிய அச்சுகளோடு ஒப்பிட்ட ஃபிலிப் கின்ஸ் 1983-ல் ஏறக்குறைய 23,000 முதல் 47,000 வரை என்று கணித்தார். நாணயவியலாளர் தியோடர் பட்ரி 1990-களில் அச்சுகளை இப்படிப் பெருக்குவதே கூடாது என்று வாதிட்டார். பிரான்சுவா தெ கலட்டாய் எச்சரிக்கையோடு செய்யலாம் என்று பதில் சொன்னார். நான் கலட்டாயின் பக்கம். வரலாற்றாசிரியருக்கு அச்சுகளின் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் அவரே பெருக்கிவிடுவார், நம்மைவிடக் கவனக்குறைவாக.

ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் எழுதாதீர்கள். 180 அச்சுகள் என்றால், 10,000 வீதம் 18 லட்சம், 47,000 வீதம் 84 லட்சத்துக்கும் மேல். இரண்டு எல்லைகளையும் ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கு நேர்கீழே மறுபதிவுகளை நீக்கிய பிறகு மிஞ்சிய நாணயங்கள் எத்தனை, நீக்கியவை எத்தனை, ஒற்றை அச்சுகள் எத்தனை என்று குறியுங்கள். வரைவை அனுப்பும்போது அந்த மறுபதிவுப் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான்.