பீலித் தண்ணீர் விழும் இடத்தில் ஸ்கல்கேப்

துளசி வளர்த்துப் பழகிய கையோடு, தேத்தண்ணிக்கு இலை பறிக்கிற ஸ்கல்கேப் என்கிற மூலிகையை வளர்க்கப் போனால் செடி செத்துப்போகும். நான் அப்படித்தான் முதல் வருடம் பன்னிரண்டு கன்றுகளைச் சாகடித்தேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரோரம், நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடம், அம்மாவின் துளசிச் சாடிக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டேன். ஜூலை வெயில் வந்ததும் இலை ஓரமெல்லாம் கருகித் தண்டு சரிந்து, ஓகஸ்ட் வரும்போது சாடிகளில் மண் மட்டும்தான் மிச்சம். துளசிக்கோ ஒன்றும் ஆகவில்லை.

இரண்டும் ஒரே குடும்பம்தான். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் இரண்டுமே சதுரத் தண்டு, இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். ஆனால் குணத்தில் ஸ்கல்கேப் வல்லாரையோடு சேர்ந்தது. ஊரில் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாழைக்கு ஓடுகிற வாய்க்காலோரம் வல்லாரை படர்ந்து கிடக்குமே, அந்த மாதிரி இடம்தான் இதற்கும் வேண்டும். இது வட அமெரிக்காவின் சொந்தச் செடி, ஒன்ராறியோவிலும் தானாக வளர்வது. சதுப்பு நிலம், ஓடைக்கரை, ஈரமான புல்வெளி, இந்த இடங்களில்தான் காண்பீர்கள். அதற்காக அங்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டாம், ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலும் சரி ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் சரி செடி பிடுங்குவது விதிகளுக்கு முரண், விதையை வாங்கிப் போடுங்கள்.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள், இதில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். ஸ்கல்கேப் என்று விற்கிற செடிகள் பல. தேத்தண்ணிக்கு இலை பறிக்கிற செடியின் முழுப்பெயர் ஸ்கூட்டெலேரியா லேட்டரிஃப்ளோரா. சீன ஸ்கல்கேப் என்பது ஸ்கூட்டெலேரியா பைகாலென்சிஸ், அது சீனாவின் வடக்கிலும் மங்கோலியா, சைபீரியா பக்கங்களிலும் வளர்வது, சீன வைத்தியத்தில் அதன் மஞ்சள் வேர்தான் மருந்து, அதற்கு நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். ஒரு நாற்றுக்கடையில் வெறும் ‘ஸ்கல்கேப்’ என்று எழுதிய சாடியை நம்பி வாங்கி, முதல் வருடப் பாடத்தை மனதில் வைத்து நன்றாக ஈரம் உள்ள மூலையில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று கிழமையில் அடி அழுகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் மஞ்சள்! பெயரின் இரண்டாம் பாதி லேட்டரிஃப்ளோராவா இல்லையா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

(ஸ்கூட்டெலேரியா பேரினம் பெரியது, நீலகிரி மலையிலும் அதைச் சேர்ந்த செடிகள் உண்டு. ஆனால் அவை வேறு வகை, இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.)

சரி, இடம். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்து அடுத்த நாள். எந்த மண் இன்னும் ஈரமாகக் கிடக்கிறதோ அதுதான் இடம். எங்கள் வீட்டில் கூரைப் பீலியின் குழாய் வந்து முடிகிற கிழக்குப் பக்கம். காலை பதினொரு மணிவரை வெயில், பிறகு பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் நிழல். அங்கே புல்கூட ஒழுங்காக வராமல் சேறாகக் கிடந்தது, அதனால் எனக்கு இழப்பும் இல்லை. பின்வளவில் ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம் இருந்தால் அதுவும் நல்லது. வெயில் நிறைந்த இடம்தான் இருக்கிறது என்றாலும் வளர்க்கலாம், ஆனால் கோடையில் தினமும் தண்ணீர் விடுகிற ஆள் வீட்டில் இருக்கவேண்டும். முழு நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து பூவில்லாமல் நிற்கும்.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் களிமண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இந்தச் செடிக்கு அது ஒரு வகையில் வசதிதான். நான் செய்தது, மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, இரண்டு கை அகலத்துக்கு நல்ல கூட்டுப்பசளையைப் பரப்பிக் கலந்ததுதான். பிறகு வருடா வருடம் வசந்தத்தில் மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குக் கூட்டுப்பசளை போடுகிறேன், வேறு பசளை போடுவதில்லை.

இப்போது விதை. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வெந்தயம் கொத்தமல்லி மாதிரித் தூவினால் முளைக்கிற விதை இல்லை இது. குளிர்கால நாட்டுச் செடி, ஒரு குளிர்காலம் போய்விட்டது என்று அதற்குத் தெரிந்தால்தான் கண் திறக்கும். அந்தக் குளிர்காலத்தை நாங்கள் பிரிட்ஜுக்குள் நடத்திக் காட்டலாம். ஒரு கடுதாசித் துவாயை நனைத்து நன்றாகப் பிழிந்து, தொட்டால் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது, அதில் விதையைத் தூவி மடித்து, ஒரு சிப் பையில் போட்டுத் திகதி எழுதி மரக்கறி வைக்கிற தட்டில் வைத்துவிடுங்கள். மேலே ஐஸ் அறையில் இல்லை. ஒரு கிழமை போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வைக்கிறேன், பெப்ரவரி தொடக்கத்தில் உள்ளே போனால் மார்ச் கடைசியில் வெளியே. திகதி மட்டும் இல்லாமல் என்ன விதை என்றும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் அம்மா அதைப் பழைய கடுதாசி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டா.

பிரிட்ஜ் வேலை பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, எனக்கு இப்போது இதுதான் பிடித்த வழி. சலாட் கீரை வருகிற மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறதல்லவா, கண்ணாடி மாதிரித் தெளிவானது, அதன் அடியிலும் மூடியிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, நான்கு விரல் உயரத்துக்கு நாற்று மண் நிரப்பி நனைத்து, விதையை மேலே தூவி மூடி, ஜனவரியில் வெளியே பனிக்குள் வைத்துவிடுவது. அவ்வளவுதான். பனி விழும், உறையும், உருகும், விதை தன் நேரத்தில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் முளைக்கும். சூடான நாட்களில் மூடியைத் திறந்து வைக்க மறந்தால் உள்ளே வெந்துபோகும், அது ஒன்றுதான் கவனம்.

எந்த வழியானாலும் விதையை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். கடுகைவிடச் சிறிய விதை, வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். மண்ணின் மேலே வைத்து விரலால் அமத்தினால் போதும். தண்ணீர் ஊற்றாமல் தெளிப்பானால் தெளியுங்கள், ஊற்றினால் எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஓடிப்போய் நிற்கும். பிரிட்ஜில் இருந்து வந்த விதை வீட்டுச் சூட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிழமையில் முளைக்கும். ஒரே நாளில் எல்லாம் வராது. இரண்டு இன்று, ஐந்து நாளில் இன்னொன்று, பத்து நாள் கழித்து நான்கு. தட்டைக் கவிழ்த்துவிட அவசரப்படாதீர்கள்.

நாற்று ஒரு விரல் உயரம் வந்து நான்கைந்து சோடி இலை விட்டதும் வெளியே நடலாம். இங்கே தோட்டக்காரர்கள் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பார்க்கிற கணக்கு மே மாத விக்டோரியா தின நீள்விடுமுறை. வளர்ந்த ஸ்கல்கேப்புக்கு உறைபனி ஒரு பொருட்டே இல்லை என்றாலும் வீட்டுக்குள் வளர்ந்த நாற்று மென்மையானது, அதனால் நானும் அந்தக் கணக்கையே பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு கிழமை வெளியில் நிழலில் வைத்து வைத்து எடுத்துப் பழக்கவேண்டும். கன்றுக்குக் கன்று 30 சென்ரிமீற்றர் இடைவெளி. முதல் வருடம் அது வெறிச்சென்று தெரியும், நடுவில் வேறு ஏதாவது வைக்கக் கை துறுதுறுக்கும், வைக்காதீர்கள். இது மண்ணுக்கடியில் மெல்லிய வேர்த்தண்டு விட்டு இடத்தை நிரப்பிக்கொள்ளும், புதினா மாதிரி அட்டகாசம் பண்ணாது.

தண்ணீருக்கு என்னுடைய அளவுகோல் விரல்தான். சுட்டுவிரலை முதல் மடிப்புவரை மண்ணுக்குள் விட்டால் ஈரம் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அன்று தண்ணீர் விடவேண்டும். செடியைச் சுற்றி இலைக்குப்பையோ வைக்கோலோ மூன்று விரல் தடிப்பில் போட்டால் வேலை பாதியாகக் குறையும். சாடியில் வளர்க்கிறவர்கள் அகலமான சாடியாக எடுத்து அடியில் தண்ணீர்த் தட்டு வையுங்கள், துளசிக்கு அப்படி வைத்தால் திட்டுவேன், இதற்கு வைக்கலாம்.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. இலை கசப்பு என்பதால் எங்கள் தெருவில் திரிகிற முயல்கள்கூட கத்தரிக் கன்றைக் கடித்துவிட்டு இதைத் தொடாமல் போகின்றன. ஓடில்லா நத்தைகள் இளங்கன்றுகளைத் தின்னும், இரவில் டோர்ச் எடுத்துப் போய்ப் பொறுக்கவேண்டியதுதான். ஓகஸ்டில் சில வருடம் இலையில் வெள்ளைப் பூஞ்சணம் படியும், காற்றோட்டம் இருந்தால் குறைவு, படிந்த தண்டை வெட்டி எறியுங்கள், அதைத் தேத்தண்ணிக்குச் சேர்க்கவேண்டாம்.

பூக்கும் காலம் ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை. பூ பெரிய அழகில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிர்நீலம், ஒரு சென்ரிமீற்றர்கூட வராது, இலைக்கக்கத்தில் இருந்து பக்கவாட்டில் நீளுகிற குச்சியில் எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஆனால் குனிந்து கிட்டப் பாருங்கள். பூவின் அடியில் இருக்கிற பச்சைப் புல்லிவட்டத்தின் முதுகில் சின்னக் கிண்ணம் கவிழ்த்தமாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அந்தத் தொப்பிதான் இதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. ஸ்கூட்டெலா என்றால் லத்தீனில் சிறு தட்டு. பூ உதிர்ந்ததும் புல்லிவட்டம் வாயை மூடிக்கொள்ளும். உள்ளே நான்கு விதை வரை இருக்கும். முற்றிய பிறகு மழைத்துளி அந்தத் தொப்பியில் விழுந்து தட்டும்போது காம்பு ஸ்பிரிங் மாதிரித் துள்ளி விதையைத் தூக்கி எறியும். பீலிக்குக் கீழே நட்டதில் எனக்குக் கிடைத்த வேடிக்கை இது, அடுத்த வசந்தத்தில் சீமெந்து நடைபாதை வெடிப்பில் எல்லாம் கன்று.

அந்தத் தொப்பியைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் ஸ்கல்கேப் என்று விற்ற உலர்ந்த இலையில் ஜெர்மாண்டர் என்கிற வேறு செடியின் இலை கலந்திருந்த சம்பவங்கள் முன்பு பதிவாகியிருக்கின்றன, அந்தச் செடி ஈரலைப் பாதிக்கும். உலர்ந்து நொறுங்கிய இலையில் எது எது என்று யாராலும் கண்ணால் சொல்லமுடியாது. உயிரோடு நிற்கும்போது சொல்லலாம்: ஜெர்மாண்டர் பூ இளஞ்சிவப்பு, மேலுதடு இல்லாததுபோல் இருக்கும், பூக்கதிர் தண்டின் உச்சியில் நிற்கும், தொப்பி கிடையாது. அதுவும் இதே மாதிரி ஈர நிலத்தில்தான் வளரும், ஆகவே தானாக முளைத்ததைப் பறிக்கும் முன் பூக்கும்வரை பொறுங்கள். நான் இந்தச் செடியை வீட்டிலேயே வளர்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அறுவடை பூ நன்றாக விரிந்திருக்கும் நேரத்தில். காலையில் பனி காய்ந்ததும், கூரான கத்தரிக்கோலால், நிலத்தில் இருந்து ஏழெட்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். அடியோடு வெட்டினால் மறுபடி துளிர்ப்பது சிரமம். நன்றாக வளர்ந்த செடி அதே பருவத்தில் இன்னொரு வெட்டும் தரும். முதல் வருடத்துச் செடியில் கை வைக்காமல் விடுவது நல்லது. வெட்டியதைச் சின்னச் சின்னக் கட்டாக, ஒரு கட்டில் ஏழெட்டுத் தண்டுக்கு மேல் வேண்டாம், நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். கறிவேப்பிலை மாதிரி வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும், நெருக்கிக் கட்டினால் நடுவில் கறுத்துவிடும். தண்டு வளையாமல் ‘டக்’ என்று முறிந்தால் காய்ந்துவிட்டது. போத்தலில் அடைத்து இருட்டில் வையுங்கள்.

தேத்தண்ணிக்கு ஒரு கோப்பை கொதிநீரில் ஒரு தேக்கரண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்து வடித்துக் குடிப்பது. வாசம் ஒன்றும் இருக்காது, கசக்கும். அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, “இதுக்குப் பேசாம வேப்பம்பூ ரசம் வைச்சிருக்கலாம்” என்றா. மனம் அமைதியாகி நித்திரை வரட்டும் என்று அமெரிக்க மூலிகை வைத்தியத்தில் நெடுங்காலமாகக் குடிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியில் வான் டெர்வீர் என்ற வைத்தியர் விசர்நாய்க் கடிக்கே இதைக் கொடுத்தார், இன்றுவரை ஆங்கிலத்தில் இதற்கு விசர்நாய் ஸ்கல்கேப் என்றும் ஒரு பெயர் உண்டு. விசர்நாய்க் கடிக்குத் தடுப்பூசிதான், செடியைத் தேடி நேரம் கடத்தவேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், நித்திரைக் குளிசையோ மன அழுத்தத்துக்கான குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

ஒக்டோபரில் புல்லிவட்டம் மண்ணிறமானதும் குச்சியைக் கடுதாசிப் பைக்குள் கவிழ்த்து உதறினால் அடுத்த வருடத்து விதை கிடைக்கும். பிறகு மேல்செடி முழுக்கக் காய்ந்துபோகும், அது சாவு இல்லை, வேர் உயிரோடுதான் இருக்கும். மேப்பிள் சருகை அப்படியே மேலே தள்ளிவிடுங்கள். இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைப்பது அவசியம், ஏனென்றால் வசந்தத்தில் இது சோம்பேறி, மற்றதெல்லாம் பச்சையான பிறகும் மே மாதம்வரை மண் வெறுமையாகவே கிடக்கும், ‘ஒன்றும் இல்லையே’ என்று யாராவது கொத்திவிடுவார்கள். மூன்று நான்கு வருடத்தில் நடு கொஞ்சம் வெறுமையாகும்போது, முளை தெரிய ஆரம்பித்ததும் மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வேறு இடத்தில் நடலாம். போன மே மாதம் ஒரு பாதியை மூன்றாம் வீட்டு அன்ரிக்குக் கொடுத்தேன், கொண்டுபோய்த் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா.