கரண்ட் போய் வந்த பிறகு நெட்வேர்க் பிரிண்டர் அசையவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்

கிளிநொச்சி கொம்யூனிகேசன் கடையோ, முல்லைத்தீவுப் பாடசாலை அலுவலகமோ, முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: நேற்று அச்சடித்தது, இரவு கரண்ட் போய் வந்தது, காலையில் கொம்பியூட்டர் ‘ஓஃப்லைன்’ என்கிறது. உடனே டிரைவரை (கொம்பியூட்டர் பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள்) அழித்துவிட்டுத் திரும்பப் போடத் தொடங்காதீர்கள். நேற்று வரை ஓடிய டிரைவர் ஓர் இரவில் கெடுவது அரிது. நெட்வேர்க்கில் பிரிண்டரை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறுவதுதான் வழமை. பிரிண்ட் பட்டனையும் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். பிழை தீர்ந்ததும் அத்தனை பிரதியும் வரிசையாக வந்து விழும். பேப்பரும் ரோனரும் வீண்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. பிரிண்டரிடமே கேளுங்கள்

கொம்பியூட்டரைத் தொடாமல், பிரிண்டரிலிருந்தே நெட்வேர்க் விபரப் பக்கத்தை அச்சிடுங்கள். திரை உள்ளதில் மெனுவில் இருக்கும். திரையில்லாத சிறிய மொடல்களில் ஒரு பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தப் பட்டன் என்பது மொடலுக்கு மொடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். பக்கம் சுத்தமாக வந்தால் ரோனர், டிரம், சூடாக்கும் பகுதி எதிலும் குறையில்லை.

அந்தப் பக்கத்தில் ஐபி முகவரியைத் தேடுங்கள். 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கியோ இருந்தால், றவுட்டர் பிரிண்டருக்கு முகவரி கொடுக்கவில்லை. கரண்ட் வந்ததும் பிரிண்டர் முந்தி எழும்பிவிட, றவுட்டர் பிந்தி எழும்புவதால் இப்படி நடக்கும். எல்லாவற்றையும் நிற்பாட்டி, றவுட்டரை முதலில் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு பிரிண்டரைப் போடுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் பிரிண்டரில் நெட்வேர்க் வயர் பூட்டும் இடத்தில் சிறிய லைட் எரிகிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு அது எரியாமல், வேறு வயரும் றவுட்டரில் அல்லது நெட்வேர்க் சுவிட்சில் வேறு துளையும் மாற்றிப் பார்த்தும் எரியாமல் இருந்தால் பிரிண்டரின் லான் போர்ட் (அந்த வயர் பூட்டும் துளை) போயிருக்கலாம். யுஎஸ்பி வயரில் வேலை செய்தால் தற்போதைக்கு அப்படியே பாவியுங்கள். வைஃபை பிரிண்டர் என்றால் அது எந்த வைஃபையில் நிற்கிறது என்று பாருங்கள்: சிறிய மொடல்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே பிடிக்கும், 5 பிடிக்காது.

2. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றனவா?

கொம்பியூட்டரின் முகவரியையும் எடுங்கள். பிரிண்டர் 192.168.1 என்றும் கொம்பியூட்டர் 192.168.8 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வேர்க். ஃபைபர் றவுட்டரோடு, அது விழுந்தால் பாவிக்க 4ஜி சிம் றவுட்டரும் வைத்திருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். கொம்பியூட்டர் தானாக மற்ற வைஃபைக்குத் தாவியிருக்கும். திருப்பி மாற்றினாலே வேலை முடிந்தது.

3. பிங் பதிலை நம்பி ஏமாறாதீர்கள்

ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது பிங். கமாண்ட் புரொம்ப்டில் (விண்டோஸில் கட்டளை அடிக்கும் திரை) பிங் கட்டளையோடு பிரிண்டரின் முகவரியை அடிப்பது பலருக்குத் தெரியும். அதில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று: ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ (அந்த முகவரியை அடைய முடியவில்லை) என்று வந்தாலும், கீழே இழப்பு 0% என்று காட்டலாம். பதில் வந்த முகவரியைக் கவனியுங்கள். அது உங்கள் கொம்பியூட்டரின் முகவரியாகவே இருக்கும். பிரிண்டர் வாய் திறக்கவில்லை.

மற்றது: விண்டோஸின் பிரிண்டர் போர்ட்டில் (எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற பதிவு) உள்ள பழைய முகவரிக்கு பிங் போட்டால் நல்ல பதில் வரலாம், ஆனால் பதில் சொல்வது யாருடையதோ போனாக இருக்கும். கரண்ட் போய் வந்த இடைவெளியில் றவுட்டர் அந்த முகவரியை அதற்குக் கொடுத்திருக்கும். ஆகவே பிங்கோடு நிற்காமல், முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலான நெட்வேர்க் பிரிண்டர்கள் தங்கள் பக்கத்தைத் திறந்து மொடல் பெயரைக் காட்டும். அதுதான் உறுதியான சாட்சி.

4. போர்ட்டை மாற்றுங்கள்

பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பகுதியில் உங்கள் பிரிண்டரைத் திறந்து ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’ எடுங்கள். ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ அல்ல. அதில் பேப்பர் அளவுதான் கிடைக்கும். ‘போர்ட்ஸ்’ பட்டியலில் பழைய முகவரி சரி போட்டு நிற்கும். ‘அட் போர்ட்’, பிறகு ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்’, புது முகவரி, அவ்வளவுதான். பட்டன்கள் மங்கலாக இருந்தால் அட்மின் கணக்கில் வாருங்கள்.

அதே பட்டியலில் வரக்கூடிய இன்னொரு வகையான டபிள்யூஎஸ்டி போர்ட் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்டுபிடிக்கத் தவறும் நாளில் எங்கே பிழை என்று பார்க்க அதில் முகவரியே இல்லை.

‘கொன்ஃபிகர் போர்ட்’ திறந்து அனுப்பும் முறை ‘றோ’, போர்ட் எண் 9100 என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேயே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ பெட்டியில் சரி இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியில் நலம் கேட்டு, பதில் வராவிட்டால், அச்சடிக்கக்கூடிய பிரிண்டரையும் ‘ஓஃப்லைன்’ என்று ஒதுக்கிவிடும்.

5. முகவரியைக் கட்டிப் போடுங்கள்

இதைச் செய்யாவிட்டால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு முதலாம் படியிலிருந்து தொடங்க வேண்டிவரும். றவுட்டரின் டிஎச்சிபி (தானாக முகவரி பகிரும்) பகுதியில் பிரிண்டரின் மாக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்குவதே சிறந்தது. அந்த வசதி இல்லாத றவுட்டரில் மட்டும் பிரிண்டரிலேயே நிலையான முகவரி போடுங்கள், அதுவும் றவுட்டர் பகிரும் எல்லைக்கு வெளியே. முகவரியின் கடைசி எண்ணை றவுட்டர் 100 முதல் 200 வரை கொடுத்தால் பிரிண்டருக்கு 50. எல்லைக்குள்ளே போட்டால் அதே எண்ணை ஒரு போனுக்கும் கொடுத்து மோதவிடும்.

றவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைப்பது நல்ல செலவு. லேசர் பிரிண்டரை மட்டும் சாதாரண யூபிஎஸ்ஸில் பூட்டவே வேண்டாம். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

பின்னர் சேர்த்தவை

முகவரி சரியாகியும் வரிசையில் ஒரு கோப்பு ‘டிலீட்டிங்’ என்று சிக்கி நின்றால், விண்டோஸின் சேர்விசஸில் (பின்னணியில் ஓடும் வேலைகளின் பட்டியல்) அச்சு வரிசையை நடத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ நிற்பாட்டுங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. ஸ்பூலரைத் திரும்பத் தொடங்குங்கள்.

பிரிண்டரை ஒரு கொம்பியூட்டரில் யுஎஸ்பியால் பூட்டி மற்றவற்றுக்குப் பகிர்ந்திருப்பவர்களுக்கு 11பி என்று முடியும் பிழை எண் வரலாம். அது 2021 செப்ரெம்பர் விண்டோஸ் அப்டேட்டோடு பரவலாக வந்த சிக்கல். இரண்டு கொம்பியூட்டர்களையும் அப்டேட் செய்யுங்கள். பிரிண்டரில் லான் துளை இருந்தால் பகிர்வதை விட்டுவிட்டு வயரை நேரே றவுட்டருக்கு இழுங்கள். அந்தக் கொம்பியூட்டர் நிற்பாட்டியிருந்தாலும் மற்றவர்கள் அச்சடிக்கலாம்.