ட்ரைக்கோ அட்டை கட்டியும் புழு குறையவில்லையா?

ட்ரைக்கோ அட்டை என்பது ட்ரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி வெளிவரும் முட்டைகளை ஒட்டிய அட்டை. கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு இதைக் கட்டிய பலர், "குளவிக்குப் புழு கேட்கவே மாட்டேங்குது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அந்தக் குளவி எப்படித் தேடும் என்று தெரிந்துகொண்டு கட்டினால் பலன் கிடைக்கும்.

பெரிய தவறு, புழுவைப் பார்த்த பிறகு அட்டை வாங்க ஓடுவது. ட்ரைக்கோகிரம்மா முட்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி. தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்கும்போது அதன் இறக்கைச் செதில்கள் இலையில் உதிர்கின்றன. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தக் குளவி, அந்தச் செதில் வாடையை மோந்தபடி இலைமேல் நடந்து முட்டைக்கு வந்து சேரும். உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அதற்குள் தன் முட்டையை வைக்கும். சில நாளில் அந்த முட்டை கருத்துவிடும். அழுகல் என்று நினைத்து அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள்! முட்டை பொரிந்து புழு தண்டுக்குள் புகுந்தபின் ட்ரைக்கோவுக்கு வேலை இல்லை. அதனால்தான் 4ஆம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டைகளின் கன அளவு) வீதம், 6 தடவை கட்டச் சொல்கிறார்கள்.

முழு அட்டையையும் வரப்போரம் ஒரே இடத்தில் கட்டுவதும் வீண். நடந்து தேடும் பூச்சி சில மீட்டருக்கு மேல் அதிகம் பரவாது. துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்க, தோகையின் அடிப்பக்கம் பின் ஊசியால் குத்தி மாட்டுங்கள். மாலை நேரம் நல்லது. அதே வாரத்தில் பூச்சிமருந்து அடித்தால், வெளிவரும் குளவி மருந்து படிந்த இலையில் நடந்தே செத்துப்போகும்.

எல்லாக் குளவியும் ஒரே மாதிரி தேடும் என்று நினைப்பதும் சரியல்ல. புழுவைத் தாக்கும் கொட்டேசியா இனங்களுக்குச் செடியே துப்புக் கொடுக்கிறது. டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோளத்தில் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இலையை வெறுமனே கீறினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கீறலில் படைப்புழுவின் வாய்நீரைத் தடவியதும், சில மணி நேரத்தில் செடி குளவியை இழுக்கும் வாசனையை விடத் தொடங்கியது. அந்த வாய்நீரிலிருந்து வொலிசிட்டின் என்ற பொருளை 1997இல் பிரித்தெடுத்தார்கள். நான்கு இலையில் கடித்த தடம் கண்டதும் மருந்து அடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அந்த நேரத்தில்தான் செடி உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கரும்புக்குள்ளேயே புகுந்து வேலை பார்க்கும் கொட்டேசியாவும் உண்டு. கொட்டேசியா ஃபிளேவிப்பெஸ், புழுவின் எச்ச வாடையைப் பிடித்துத் துளை வழியே உள்ளே போய் அதைக் கொட்டும். தாக்கிய கரும்பைப் பிளந்தால், சுருங்கிய புழுவை ஒட்டிப் பஞ்சுபோல் வெள்ளைக் கூடுகள் கொத்தாக இருக்கும். பூச்சி முட்டை என்று பயந்து பலர் நசுக்கிவிடுகிறார்கள். அவை குளவிக் கூடுகள். அந்தத் துண்டைக் கொளுத்தாமல், தோட்டத்திலேயே நிழலான இடத்தில் போட்டுவையுங்கள்.