டிஎன்ஏ-புரோட்டீன் ஸ்ட்ரக்சர்ல ஹூக்ஸ்டீன் ஜோடியை கையால கண்டுபிடிக்கலாம் வாங்க

வாட்சன்-கிரிக் ஜோடி, அதாவது டிஎன்ஏ பேஸ்கள் வழக்கமா அடினின்-தைமின் (ஏ-டி), குவானின்-சைட்டோசின் (ஜி-சி)னு சேர்ற விதம், உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன். அடினினோ குவானினோ சர்க்கரையோட ஒட்டியிருக்கற பாண்டுல சுமார் 180 டிகிரி திரும்பி இன்னொரு விளிம்பைக் காட்டி ஜோடி சேர்ந்தா அதான் ஹூக்ஸ்டீன். கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் 1959லயே தனி பேஸ்களோட படிகத்துல பார்த்துட்டார், அப்புறம் பி53 மாதிரி புரோட்டீன் பிடிச்சிருக்கற டிஎன்ஏலயும் வந்துச்சு.

1) புரோட்டீன், டிஎன்ஏ ஸ்ட்ரக்சர் எல்லாம் சேமிச்சு வைக்கற பிடிபி (PDB) தளத்துல 1கே61 (1K61)ங்கற ஃபைலை இறக்குங்க. ஈஸ்ட்டோட மேட்-ஆல்ஃபா2 புரோட்டீன், டிஎன்ஏ பெருசா வளையாம ஒரே ஒரு ஏ-டி மட்டும் மாறி உக்காந்திருக்கும், பழக இதுதான் வசதி.

2) ஸ்ட்ரக்சர் பார்க்கற சாஃப்ட்வேர் பைமால்ல (PyMOL) ஒவ்வொரு ஜோடிக்கும் சி1'-சி1' தூரம் அளங்க (சி1'ங்கறது சர்க்கரைல பேஸ் ஒட்டியிருக்கற கார்பன்). வழக்கமா 10.5 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருக்கும், 8.5 பக்கம் சுருங்கியிருந்தா சந்தேகப்படுங்க.

3) இங்கதான் நான் ஒரு நாள் முழுக்க முட்டிக்கிட்டேன். அடினின் என்6, தைமின் ஓ4 (இதெல்லாம் பேஸ்ல இருக்கற அணுக்களோட பேர்) நடுவுல அளந்தேன், 3 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வந்துச்சு, சரி சாதாரண ஜோடிதான்னு மூடி வச்சுட்டேன். ஆனா அந்த பாண்ட் ரெண்டு வகையிலயும் இருக்குங்க! பார்க்க வேண்டியது தைமினோட என்3 யாரைப் பிடிச்சிருக்குன்னு: அடினின் என்1ஆ இருந்தா வாட்சன்-கிரிக், என்7ஆ இருந்தா ஹூக்ஸ்டீன். அவ்ளோதான் விஷயம்.

4) கை (χ, chi) கோணம், அதாவது சர்க்கரையோட பேஸ் எவ்ளோ திரும்பியிருக்குன்னு காட்டற கோணம்: ஓ4'-சி1'-என்9-சி4. சின் (syn, ஹூக்ஸ்டீன்ல வர்ற திரும்பின நிலை)னா 60 பக்கம், ஆன்டி (anti, வழக்கமான நிலை)னா -110 பக்கம் வரும்.

(அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் எல்லா பேஸும் தலைகீழா வருதுன்னு புலம்பினார், கேட்டா சி4க்கு பதிலா சி8 கிளிக் பண்ணியிருக்கார், அப்படி பண்ணா 180 டிகிரி தள்ளித்தான் காட்டும்.)

5) எலக்ட்ரான் டென்சிட்டி மேப்பை (எக்ஸ்ரே டேட்டால இருந்து வர்ற மேப், இதை வச்சுத்தான் மாடல் கட்டுவாங்க) கூட் (Coot)ங்கற சாஃப்ட்வேர்ல திறந்து கட்டாயம் பாருங்க. ரெசல்யூஷன் மோசமா இருந்தா திரும்பின ப்யூரினும் (அடினின், குவானின்) திரும்பாததும் மங்கலா ஒரே மாதிரி தெரியும், மாடல் கட்டினவங்க பழக்கதோஷத்துல வாட்சன்-கிரிக்கா வச்சிருக்கலாம்.

ஸ்ட்ரக்சரை அலசற டிஎஸ்எஸ்ஆர் (DSSR) புரோகிராம்ல போட்டா இந்த அளவெல்லாம் ஒரே கமாண்ட்ல வந்துடும், நானும் இப்ப அதைத்தான் யூஸ் பண்றேன், ஆனா அது கொடுத்த மாடலைத்தான் படிக்கும், மேப்பைப் பார்க்காது.

ஜி-சி ஜோடிக்கும் இதே வழிதான், ஒண்ணே ஒண்ணு, ரெண்டு ஹைட்ரஜன் பாண்ட் முழுசா அமையணும்னா சைட்டோசின் என்3ல கூடுதலா ஒரு புரோட்டான் வேணும், அதை எக்ஸ்ரே மேப்ல தேடினா பொதுவா கிடைக்காது, தூரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.