ஏட்டுச் சுரைக்காய் வரைவது எப்படி?

படத்தோடு ஒரு வாக்கியத்தையும் எழுதி, பார்ப்பவரைச் சற்றே குழப்பி யோசிக்க வைக்கும் ஓவியத்துக்கான பாடம் இது. பிரஷ் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

முதலில் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுங்கள், நம் மொரிஷியஸ் நூறு. அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம், கூடவே எழுத்து, தமிழ் எண். எழுத்தையும் எண்களையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது நல்லதொரு முகச்சித்திரம். அதற்கு ஒரு ஜோடி தால்பூரிகூடக் கிடைக்காது. படத்தைச் சொல் என்ன செய்யும் என்பதற்கு இது போதும்.

படி 1: பொருள்

சுரைக்காய். சந்தையில் 'கலபாஸ்' என்று கேளுங்கள். ஏன் சுரைக்காய்? 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரீத் 1929-இல் புகைபிடிக்கும் பைப் ஒன்றை வரைந்து, 'இது பைப் அல்ல' என்று அடியில் பிரெஞ்சில் எழுதினார். உலகமே வியந்தது. நம் பாட்டிமார் அதைக் கறிச்சட்டி பக்கத்தில் நின்று எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

படி 2: வாக்கியம்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். 'வாழ்க்கை ஒரு மாயை' போன்றவை வேண்டாம். பார்ப்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். சின்ன வாக்கியம், தினமும் பேசுகிற சொற்கள்.

தமிழில் மறுப்பதற்கு இரண்டு சொல் இருப்பது நமக்கு வசதி. 'இது சுரைக்காய் அல்ல' என்றால் இது வேறு ஏதோ ஒன்று. 'சுரைக்காய் இல்லை' என்றால் கடைக்காரர் கையை விரிக்கிறார். வரைந்த காய்க்கு இரண்டுமே பொருந்தும்: அது காய் அல்ல, வர்ணம்; காயும் அங்கே இல்லை. முதல் வாக்கியம் 'இது என்ன?' என்று யோசிக்க வைக்கும், அடுத்தது 'அப்படியானால் அது எங்கே?' என்று தேட வைக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். எனக்குப் பிடித்தது 'இல்லை'. கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து இல்லை என்பதில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

படி 3: படம்

30 x 40 செ.மீ. கான்வாஸ் அட்டை, அக்ரிலிக் வர்ணம். பின்னணிக்கு வெளிர்நிறம் ஒன்றே ஒன்று. காயை மேல்பாதியில் வைத்து, நிழலோடு, முடிந்தவரை அச்சு அசலாக வரையுங்கள். காய் காயாகத் தெரிந்தால்தான் வாக்கியத்துக்கு மறுக்க ஏதாவது இருக்கும். நன்றாகக் காயவிடுங்கள்.

படி 4: எழுத்து

வாக்கியத்தை அதே அளவில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் தடவை நான் அளக்காமல் இறங்கி, கடைசி 'ல' வெளியே போய், 'இது சுரைக்காய் அல்' என்று நின்றது. கோடு போடும்போது மேலே புள்ளிக்கும் கீழே சுழிக்கும் இடம் விடுங்கள். தாளின் பின்புறம் பென்சிலைத் தேய்த்து, அட்டைமேல் வைத்து, எழுத்தின்மேல் அழுத்தி வரைந்தால் தடம் பதியும். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 2-ஆம் எண் உருண்டை பிரஷால் எழுதுங்கள். பிசகினால் ஈரத்துணியால் உடனே துடைக்கலாம். அதற்காகத்தான் அடியைக் காயவிடச் சொன்னேன்.

கரும்பலகை எழுத்துப்போல நிதானமாக இருக்கட்டும். அலங்கார எழுத்து கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். எங்கே எழுதுகிறோம் என்பதும் பேசும்: 1998-இல் வந்த நம் ரூபாய்த் தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு எதிர்ப்புக் கிளம்பி, தாள்களையே திரும்பப் பெற்றார்கள். எழுத்து அதேதான், இடம்தான் மாறியிருந்தது.

படி 5: கை பழகிய பிறகு

மக்ரீத் 1935-இல் ஒரு படத்தை நான்கு கட்டமாகப் பிரித்தார். குதிரைக்குக் கீழே 'கதவு', கடிகாரத்துக்குக் கீழே 'காற்று', கூஜாவுக்குக் கீழே 'பறவை'. நான்காவதில் ஒரு பெட்டி, கீழேயும் 'பெட்டி'. இதே கணக்கில் நீங்களும் செய்து பாருங்கள். என்னுடையதில் குத்துவிளக்குக்கு 'மழை', செருப்புக்கு 'அத்தை', சாவிக்கு 'உப்பு', கடைசியில் சுரைக்காய்க்குச் 'சுரைக்காய்'. வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் மூன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டு, நான்காவதைக் காட்டி இது பூசணியா என்று கேட்கிறார்கள்.