பறக்கும் பறவையைப் படமெடுக்க: முதலில் காற்று, பிறகு கேமரா

பறக்கும் பறவை படத்தில் சரியாக விழாவிட்டால் எல்லாரும் லென்ஸைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் தப்பு நின்ற இடத்தில் இருக்கும். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் பட்டால், பறவை முகத்தில் வெளிச்சத்தோடு உங்களை நோக்கி வரும். எதிர்க்காற்றில் நின்றால் வால்தான் மிஞ்சும்.

மலேசியாவின் பினாங்கில் இதற்குத் தோதான இடம் தீவில் அல்ல, பெருநிலத்தில், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள கரை. கடல் மேற்கே. காலையில் தரைக்காற்று கிழக்கிலிருந்து வீசும், சூரியனும் அதே பக்கம். கடலைப் பார்த்து நின்றால் போதும். மாலையில் எல்லாம் தலைகீழ். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வரும் வலசை உள்ளான்கள், நீர் வற்றும்போது சேற்றின் கடைக்கோடியில் கிடக்கும். நீர் ஏற ஏறக் கரையோரம் ஒதுங்கும். உச்ச நீருக்கு 2 மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். கூட்டத்தைக் கிளப்பிப் படமெடுக்கக் கை தட்டுவது வேண்டாம். நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு அதில் வீணாகிறது.

புதியவர்கள் வயல் கொக்கில் தொடங்கலாம். உழவு நேரத்தில் பெர்மாத்தாங் நிபோங் பக்கம் டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் வரும். தீவிலுள்ள பாலிக் பூலாவ் வயல்களும் நல்லவைதான், ஆனால் கிழக்கே மலை இருப்பதால் வெயில் தாமதமாகத்தான் இறங்கும்.

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், கொக்குக்கு 1/1600 நொடி, செம்பருந்துக்கு 1/2000, பஞ்சுருட்டானுக்கு 1/3200க்குக் குறையக் கூடாது. அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3. தெளிந்த வெயிலில் 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 ஏறக்குறைய சரியாக வரும். விடிந்தவுடன் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் போனாலும் பயப்படாதீர்கள். மங்கலைவிட மணல்போன்ற புள்ளிகள் மேல்.

மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுவதே நல்லது. தானியங்கியில் விட்டால், பறவை வானத்திலிருந்து தென்னந்தோப்புப் பக்கம் திரும்பியதும் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். செம்பருந்தின் வெள்ளைத் தலைக்கும் இதே கதி. வெளிச்ச அளவை வெள்ளை இறகில் எடுங்கள், இறகின் கோடுகள் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மேகம் மூடினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஃபோக்கஸ், பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர்முறையில் இருக்கட்டும்: நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் செர்வோ. பறவைக் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் சிறிய ஃபோக்கஸ் புள்ளிக் கூட்டம். பறவை வரும் தூரத்தில் ஒரு மரத்தைப் பிடித்து முன்கூட்டியே ஃபோக்கஸ் செய்து வைத்தால் லென்ஸ் அலையாது. பறவை தொலைவில் சிறிதாக இருக்கும்போதே வ்யூஃபைண்டருக்குள் கொண்டுவந்து இடுப்போடு திரும்புங்கள், கையை மட்டும் ஆட்டாதீர்கள்.

எழும்பப்போவதைப் பறவையே சொல்லிவிடும். உடல் முன்னே சாயும், கால் மடங்கும், பெரிய பறவைகள் பல நேரம் எச்சமிடும். ஷட்டர் பொத்தானில் விரலை வைக்க வேண்டிய நேரம் அதுதான். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துப் பெரும்பாலும் அதே கம்பிக்கோ கிளைக்கோ திரும்பும். துரத்தாமல் அந்த இடத்தில் ஃபோக்கஸை வைத்துக் காத்திருங்கள்.

படத்தைப் பெரிதாக்கினால் காரணம் தெரியும். இறக்கை நுனி மட்டும் கலங்கினால் ஷட்டர் போதவில்லை. பின்னாலுள்ள புல் கூர்மையாக, பறவை மங்கலாக இருந்தால் ஃபோக்கஸ் தவறிப் பின்னால் போயிருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் எல்லாமே லேசாக உருகியதுபோல் தெரிந்தால், அது சேற்றிலிருந்து எழும் வெப்ப அலை. எந்த அமைப்பும் அதைத் தீர்க்காது, தூரம் குறைந்தால்தான் குறையும்.

குளிர்சாதன அறையிலோ காரிலோ இருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் வியர்க்கும். துடைத்தால் மறுபடி வரும். பையை மூடியபடியே 30 நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.