கோடநாட்டு மலையைத் துணியில் தைக்க: போட்டோவை ஜிம்ப்பில் தயார் செய்வது எப்படி?

ஆடி பிறந்தால் கல்யாண பிளவுஸ் ஆர்டர் குறையும். ஆரி எம்பிராய்டரிக்குத் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு எனக்காக நான் தைப்பது அந்த மாதத்தில்தான். தைப்பது பெரும்பாலும் மலைகள். போனில் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் திருத்தி அச்செடுத்து, அந்த வடிவங்களுக்குத் துணி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலை. கோயில் தேரில் தொங்கும் தொம்பையை, அந்தத் துணிக் குழலைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தத் தையல் பழக்கமானதுதான்.

போட்டோவைத் திருத்துகிறவர்கள் வழக்கமாகப் பச்சையை இன்னும் பச்சையாக்குவார்கள், இலைக்கு இலை கூர்மை ஏற்றுவார்கள். நமக்கு வேண்டியது கத்தரிக்கோலுக்கு அடங்குகிற படம். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே எதையாவது குறைத்துக்கொண்டே போகும்.

தேவை: படம் திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருள், ஒரு போட்டோ, வீட்டில் சேர்ந்திருக்கும் வெட்டுத்துணிகள்.

1. போட்டோவைத் தேர்ந்தெடுங்கள்

கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் அருகில் தேயிலைச் சரிவு, அடுத்துக் காடு, கீழே மோயாறு ஓடும் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் மலைகள் என்று அடுக்கடுக்காகத் தெரியும். இப்படி அடுக்கு பிரிந்து தெரியும் படம்தான் நல்லது. தொலைவு கூடக் கூட நடுவில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. நீல ஒளி அதிகம் சிதறுவதால் தூரத்து மலை வெளிறி, நீலமாகத் தெரிகிறது. காலையிலும் மாலையிலும் எடுத்த படங்களில் இந்த வித்தியாசம் நன்றாக விழும். உச்சிவெயிலில் எடுத்ததை விட்டுவிடுங்கள்.

2. சிறிதாக்கி, நிறத்தை எடுங்கள்

படத்தை ஜிம்ப்பில் திறந்து, 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலத்தை 1500 பிக்சலாக வையுங்கள். பிறகு 'கலர்ஸ்' மெனுவில் 'டீசாச்சுரேட்'. படம் கறுப்பு வெள்ளையாகும். அதே மெனுவில் 'லெவல்ஸ்' திறந்தால் மேடு பள்ளமாக ஒரு வரைபடம் தெரியும். அதன் அடியில் இருக்கும் கறுப்பு முக்கோணத்தை மேடு தொடங்கும் இடத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை மேடு முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். மங்கலாக இருந்த அடுக்குகள் பிரிந்து வரும்.

3. இலைகளைக் கரைத்து, ஐந்து சாயலாக்குங்கள்

'ஃபில்டர்ஸ்', 'ப்ளர்', 'மீடியன் ப்ளர்'. அளவை 8 என்று வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் கூட்டுங்கள். சாதாரண ப்ளர் மலையின் விளிம்பையும் சேர்த்துக் குழப்பிவிடும். இது விளிம்பை ஓரளவு காப்பாற்றிவிட்டு இலை, கிளைகளை மட்டும் கரைக்கும்.

அடுத்து 'கலர்ஸ்' மெனுவில் 'போஸ்டரைஸ்', அளவு 5. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்தே சாயல்கள், அதாவது அடர்த்தி நிலைகள் மிஞ்சும். முதலிலேயே நிறத்தை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். வண்ணப் படத்தில் இதையே செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை, அதாவது 125 நிறங்கள் வரை வரலாம். அத்தனை துணிக்கு எங்கே போவது?

4. பொடித்துண்டுகளை அழியுங்கள்

இப்போது அங்கங்கே குட்டிக் குட்டித் தீவுகள் தெரியும். துணி ஓரத்தை அரை சென்டிமீட்டராவது உள்ளே மடிக்க வேண்டும் என்பதால் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய துண்டைத் தைக்க முடியாது. பென்சில் கருவியை எடுத்து, கன்ட்ரோல் பட்டனை அழுத்தியபடி பக்கத்துச் சாயலைத் தொட்டு எடுத்து, தீவின்மேல் பூசிவிடுங்கள். பிரஷ் வேண்டாம். அதன் மென்மையான ஓரம் புதிது புதிதாகச் சாம்பல் சாயல்களை உண்டாக்கும்.

5. துணியையும் போட்டோ எடுங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிரே இங்கேதான். திரையில் தெரியும் பச்சைக்கு ஈடாகக் கடை கடையாகத் துணி தேடாதீர்கள். கையில் இருக்கும் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் ஒரே போட்டோவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் போன் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும், ஒப்பிட முடியாது. அந்தப் போட்டோவையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஐந்து சாயல்களில் எதற்கு எந்தத் துணி ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

கண்ணுக்கு எதிரும் புதிருமாக நிற்கும் அரக்கும் பாட்டில் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வந்து நிற்கலாம். அவற்றை அடுத்தடுத்த மலைகளுக்கு வைத்தால் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே மலையாகத் தெரியும். சாயல் சரியாக அமைந்தால் நிறம் உங்கள் இஷ்டம். மயில்கழுத்து நிறத்தில் காடு, வெளிர் ஊதாவில் தூரத்து மலை வைத்தாலும் கண் அதை மலையாகத்தான் வாசிக்கும்.

அருகில் வரும் சரிவுக்கு மட்டும் பூப்போட்ட துணி வையுங்கள். பழைய சுங்குடிச் சேலையின் புள்ளிகள் தேயிலைப் புதர்களுக்கு அத்தனை பாந்தம். தூரத்து மலைக்கு வெறும் பாப்ளின் போதும். பட்டு வேண்டாம், பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப மினுங்கிச் சாயலைக் கெடுத்துவிடும்.

6. கோடாக்கி அச்செடுங்கள்

'ஃபில்டர்ஸ்', 'எட்ஜ் டிடெக்ட்', 'எட்ஜ்'. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் வரும். 'கலர்ஸ்' மெனுவில் 'இன்வர்ட்' கொடுத்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுங்கள். 42 சென்டிமீட்டர் அகலத்துக்கு இந்த 1500 பிக்சல் தாராளம். வடிவத்தைத் துணியின் பின்பக்கம் வரைகிறவர்கள் ஏற்றுமதிக்கு முன் படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

தைக்கும்போது முதலில் வானம், பிறகு தூரத்து மலை, கடைசியில் தேயிலை. ஒவ்வொரு துண்டையும் வெட்டும்போது அதன்மேல் அடுத்த துண்டு ஏறி உட்காரும் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.